ஆதரிக்கத் தம்பி இருக்கிறார்

அழ அழ என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட என் அக்காவுக்கு,

நேற்று நம் ஊருக்குப் போயிருந்தேன். வி.ஏ.ஓ. ஆள் அனுப்பியிருந்தார். கலெக்டருக்கு நீ போட்ட மனு ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்திருக்கிறதாம். 'மனுதாரரை நேரில் விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்று அதன் தலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. நீ செத்து நாலு மாதம் ஆகிறது. இப்போது உன்னை நேரில் விசாரிக்க வேண்டுமாம்.

எனக்குத் தெரியாமல் நீ மனுப் போட்டிருக்கிறாய் என்பதே நேற்றுத்தான் எனக்குத் தெரியும். ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உனக்கு வந்த முடக்குவாதத்தை யாரும் நோயென்று ஒத்துக்கொள்ளவே இல்லை. காலையில் உன் விரல்கள் மடங்கவும் மடங்காது, நிமிரவும் நிமிராது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்து தூக்கி உட்கார வைத்து, முகம் கழுவிவிட்டு, தலை வாரிவிட வேண்டும். வெயில் ஏறி மத்தியானமானால் உடம்பு கொஞ்சம் இளகும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். ஊரார் பார்த்ததெல்லாம் அந்த மத்தியானத்து அக்காவைத்தான். "நடவுக்குக் கூப்புட்டா மட்டும் கை வலிக்கும் அவளுக்கு" என்று சிரித்தார்கள். செல்லம்மாவை விட்டால், காலை நேரத்து அக்காவைப் பார்த்தவன் உன் புருஷன் ஒருத்தன்தான். அவன் மூன்றே வருஷத்தில் உன்னைக் கொண்டுவந்து அப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நீ தனி. எனக்கு மீன்சுருட்டியில் குடித்தனம், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறி அரிசியும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவேன். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் தருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, நீதான் பேச்சை எடுத்தாய்.

"மாத்திரைய நானே வாங்கி முழுங்கணும் தம்பி. ஒவ்வொரு தடவையும் உன் பொண்டாட்டி மொகத்த நெனச்சுக்கிட்டே வாங்க முடியல" என்றாய்.

அவளை எதற்கு இழுக்கிறாய் என்று எனக்குக் கோபம். கோபத்தோடுதான் மனு எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, "கையும் இருக்கு, காலும் இருக்கு. எது இல்லைன்னு எழுதறதும்மா?" என்றார். மூன்று தடவை பஸ் ஏறி இறங்கிய பிறகுதான் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து விழுந்தது.

அப்புறம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரணைக்கு வந்தார். கர்ணம், மணியக்காரர் பதவியெல்லாம் எடுபட்டு வி.ஏ.ஓ. வந்த புதிது அது. யாரைப் பார்ப்பது, யாரிடம் சொல்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆர்.ஐ. வருகிறார் என்று தலையாரி முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ செல்லம்மாவிடம் வாசல் தெளிக்கச் சொல்லி, பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறாய். அவர் வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. நீ எழுந்து உள்ளே போய், விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய். மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்திருக்கிறார். ஆபீசுக்குப் போய், 'மனுதாரர் நல்ல நிலையில் நடமாடுகிறார். வீட்டு வேலைகளைத் தாமே செய்கிறார்' என்று எழுதிவிட்டார்.

தாலுகா ஆபீசில் அந்த வரியைப் படித்துவிட்டு நேராக உன்னிடம் வந்து கத்தினேன். "உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னது?"

"வூட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு வாய் மோர் குடுக்காம எப்படி அனுப்புறது? படுத்தே கெடந்தா என்ன நெனப்பாரு?"

"முடியாதவன்னு நெனப்பாரு. அதுதானே நமக்கு வேணும்."

அந்த மோருக்காக எழுந்து நடந்ததில் அடுத்த இரண்டு நாள் நீ படுக்கையை விட்டு எழவே இல்லை என்று செல்லம்மாதான் சொன்னாள். அதை எந்த ஆர்.ஐ. வந்து பார்த்தார்? அவரை மட்டும் சொல்லி என்ன செய்ய? சங்கத்து மேஜையில் உட்கார்ந்து நானும் அப்படி எத்தனையோ பேரை ஒரே வரியில் எழுதித் திருப்பி அனுப்பியவன்தான்.

மேல்முறையீடு போட்டோம். தாசில்தார் நேரில் வரச் சொன்னார். அன்றைக்கு வராந்தாவில் ஒரு கிளார்க் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். "ஆதரவற்றவங்களுக்குத்தான் சார் இந்தப் பென்ஷன். உங்களக் கேப்பாரு. எனக்கே பத்தல, நான் எதுவும் பாக்கறதில்லைன்னு சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. முடிஞ்சுது" என்றார். நான் தலையாட்டினேன். நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

உள்ளே பத்துப் பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் சங்கத்துக்கு யூரியா வாங்க வருகிறவர்கள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்கள்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்றார் தாசில்தார்.

"கூட்டுறவுச் சங்கத்துல எழுத்தருங்க, சார்."

"சர்க்கார் சம்பளம் மாதிரிதான். கூடப் பொறந்தவங்களப் பாத்துக்கறதில்லையா நீங்க?"

எழுதித் தயாராக வைத்திருந்த காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வார்த்தை, இல்லை என்று சொன்னால் போதும். கும்பிட்ட இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியெல்லாம் இல்லீங்க, சார். நான் இருக்கேன். நான் பாத்துக்குவேன்" என்றேன்.

"அப்புறம் என்னம்மா? தங்கமாட்டம் தம்பி இருக்காரு" என்று உன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, 'ஆதரிக்கத் தம்பி இருக்கிறார். மனு நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி முடித்தார். தம்பி இருந்தால் விரல் நிமிர்ந்துவிடுமா? தம்பி இருந்தால் மூட்டு வலிக்காதா? அந்தச் சட்டத்தை எழுதியவனைக் கேட்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்காதவன் நான்தான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாய். நம் ஊருக்குப் போகத் தா.பழூரில் இறங்கும்போது, "நல்ல பேரு வாங்கிட்ட, தம்பி" என்றாய். நீ என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

பார்த்துக்கொண்டேனா? முதல் இரண்டு மாதம் பார்த்தேன். அப்புறம் பிள்ளைகள் படிப்பு, மாமியார் வைத்தியம், சங்கத்தில் ஆடிட் என்று ஏதாவது ஒன்று. மாதம் ஒரு தடவை வந்தவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தேன். மாத்திரை தீர்ந்துபோனதை நீ சொல்லி அனுப்பவும் இல்லை. பெட்டிக்கடையில் விற்கிற வலி மாத்திரையை உன் கோழி போட்ட முட்டைக்கு மாற்றி வாங்கி, பாதி நாள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். வயிறு புண்ணாகி நீ ரத்தமாக வாந்தி எடுத்த அன்றைக்குத்தான் எனக்கு ஆள் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று அந்த மனுவை வி.ஏ.ஓ. என் கையில் கொடுத்தார். எழுத்து செல்லம்மா மகளுடையது. கையெழுத்துப் போடத் தெரிந்த நீ கீழே கைநாட்டு வைத்திருந்தாய். பேனா பிடிக்க முடியவில்லை, இல்லையா? உள்ளே இப்படி ஒரு வரி இருந்தது: 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறார். நல்லவர், குடும்பஸ்தர். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. என் மானத்துக்கும் சேர்த்தா மனுப் போட்டாய், அக்கா?

"எறந்துட்டாங்கன்னு ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுங்க சார், பைல மூடிடலாம்" என்றார் வி.ஏ.ஓ. எழுதினேன். 'மனுதாரர் இறந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது அவரை ஆதரிக்க யாரும் இல்லை. இப்படிக்கு, மனுதாரரின் தம்பி.'

அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் இப்ப எதுக்கு சார்? செத்துட்டாங்கன்னு இருந்தா போதும்."

"இருக்கட்டும், வாங்கிக்குங்க."

"தம்பின்னு வேற போட்டிருக்கீங்க. படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுக்கட்டும்" என்றேன். அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். உனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

உன் கருமாதி அன்றைக்கு, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் "தம்பி கடைசி வரைக்கும் நல்லா பாத்துக்கிட்டான்" என்று சொன்னார்கள். நான் தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டேன். இனி அதை யார் சொன்னாலும், கல்யாண வீடாக இருந்தாலும் பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும், என் பிள்ளைகள் பக்கத்தில் நின்றாலும், அந்த இடத்திலேயே 'இல்லை, நான் பார்க்கவில்லை' என்று சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவன்