தேவகியின் மாம்பழ மஞ்சள்

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
8-11-71

என் மகள் சௌபாக்கியவதி தேவகிக்கு அம்மா லோகாம்பாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பழனியும் சுகம். மூன்று பேரும் சுகம் என்று சொல்லிப் பழகிய வாய், இரண்டு பேர் என்று சொல்ல இன்னும் வரமாட்டேன் என்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஏகாம்பரநாதர் துணை. எப்போதும் நான் சொல்லப் பழனிதான் எழுதுவான், இந்தத் தடவை நானே எழுதுகிறேன். மூன்றாவது வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், தப்பும் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி. அவன் தறியில் உட்கார்ந்த பிறகு நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

இங்கே ஐப்பசி மழை விடவில்லை, தறிக்குழியில் ஈரம் ஊறிவிட்டது, பழனி காலுக்குச் சாக்கு போட்டுக்கொண்டு நெய்கிறான். தறிக்கான பாவு நூலை நீட்டி இழுக்கத் தெரு காயவில்லை என்று தெருவே வானத்தைத் திட்டுகிறது. துக்க வருஷம் என்பதால் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, பக்கத்து வீட்டு மணியம்மாள்தான் ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். உங்கப்பா இருந்தால் முறுக்கைக் கடித்துப் பார்த்து, மணியம்மா, இது முறுக்கா ஜரிகையா, பல்லு போவுதே என்று அவளைச் சீண்டுவார், அதை அவளே சொல்லிச் சிரித்துவிட்டு அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. பழனி வாசித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, மீதிய நீயே படிச்சுக்கோம்மா என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாலில் போட்டுக் குடிக்கக் குங்குமப்பூ வாங்கி அனுப்பு, குழந்தைக்கு என் நிறம் வந்துவிடக் கூடாது என்று அத்தைக்குக் கவலை என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, அத்தையைச் சொல்லி என்ன, பெற்ற அப்பாவே வெளியே காட்டக் கூசிய நிறம்தானே என்று எழுதியிருந்தாய். அந்த வரியோடு மூன்று வாரம் இருந்துவிட்டேன் தேவகி. பதில் எழுதாததற்கு அதுதான் காரணம், உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் குங்குமப்பூவைச் சொல்லிவிடுகிறேன். நீ வயிற்றில் இருந்தபோது நானும் குடித்தேன். உங்கப்பாதான் கடைத்தெருவுக்கு நடந்து போய் ஒரு சின்னத் தகர டப்பாவில் வாங்கி வந்தார், ஏழாம் மாதத்திலிருந்து தினம் பாலில் போட்டுக் குடித்தேன், கடைசி நாள் டப்பாவைக் கழுவியும் குடித்தேன். நீ உன் நிறத்தோடுதான் பிறந்தாய். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னது, இது அவங்க அப்பா ஊட்டு நிறம் என்று. உங்கப்பாவும் சிவப்பில்லை, ஆனால் உன் அளவு கறுப்பும் இல்லை. அவர் ஒரு நாள்கூட மறுத்துப் பேசவில்லை. உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆமாம்மா, எங்க ஊட்டுச் சாயம், எத்தினி தண்ணியில அலசினாலும் ஓடாது என்று சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. கடலைமாவும் பயத்தமாவும் போட்டு உன் முழங்கை தோல் உரியும் மட்டும் தேய்த்தேன். வெயிலில் விளையாடினால் அடித்தேன். பழனியும் உன் நிறம்தான், அவனை இன்றைக்கு வரைக்கும் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் அவனுக்கு மாவு தேய்த்ததில்லை, ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன என்று இருந்துவிட்டேன். உன்னைப் பெண் பார்க்க வந்து மூன்று இடம் திரும்பிப் போனதும், அதில் ஒரு அம்மாள் பொண்ணு லட்சணந்தான், வெளக்கைக் கொஞ்சம் தூண்டி விடுங்க என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. அந்த அம்மாளைவிட உன்னை நான்தான் அதிகம் நோக வைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

எப்படித் தெரிந்தது என்றால், உங்கப்பாவுக்குப் பதினாறாம் நாள் முடிந்து நீ மாப்பிள்ளையோடு பிலாய்க்கு ரயில் ஏறின பிறகு நான் கண்ணாடியே பார்க்கவில்லை. யாருக்காகப் பார்ப்பது. போன மாதம் மணியம்மாள் என் முகத்தைப் பார்த்து, என்னாக்கா இப்பிடி கறுத்துப்பூட்டே, அண்ணன் போன துக்கம் உன்ன உருக்கிப்பூட்ச்சே என்று அழுதாள். அவள் போனதும் பழனி முகம் வழிக்கிற கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அதில் உன் முகம் இருந்தது. உன் நெற்றி, உன் கன்னம், உன் நிறம், அப்படியே. துக்கத்தில் கறுக்கவில்லை தேவகி. வயசுக்கு வந்த நாளிலிருந்து முப்பத்தைந்து வருஷம் ஒரு நாள் விடாமல் மஞ்சள் பூசிக் குளித்த முகம். தாலி இறங்கினதோடு மஞ்சளும் நின்றது, மூன்று மாதத்தில் அது கழுவிப் போய், அடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. கையையும் காலையும் நான் எப்போதும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், ஆனால் வேலை செய்கிற கை, வெயில் பட்ட கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கப்பா வீட்டு நிறம் இல்லை அது. என் நிறம். என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும், கட்டிய பெண்டாட்டியின் நிறம் தெரியாதா, இருபத்தாறு வருஷம் எங்க ஊட்டுச் சாயம் என்று தன் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தாரே.

இனி நீ எழுதின அந்த வரிக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு காலையில் அவர் உன்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, மூன்று நிறத்துச் சாயப் பட்டு நூலை உன் கைமேல் ஒவ்வொன்றாகப் போட்டு வெகுநேரம் பார்த்தார். நீ கையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து, என் கறுப்ப அளந்து பாக்கிறாராம்மா என்று என்னிடம் அழுதாய். அதற்கப்புறம் நான் வாசலுக்கு வந்தபோது அவர் என்னிடம் சொன்னது இது, அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. லோகு, எலுமிச்சை செத்துப்போவுது, கிளிப்பச்சை பரவால்ல, இந்த மாம்பழ மஞ்சள் இருக்குது பாரு, பொண்ணு கையில போட்டா வெளக்கு ஏத்தினாப்பல இருக்குது, கடையில வெள்ளத் துணி மேல பரப்பிப் பாக்கறவனுங்களுக்கு என்னா தெரியும் நிறத்தப் பத்தி என்று. அந்த மாம்பழ மஞ்சளிலேயே புடவைக்கான நூலுக்குச் சாயம் போட்டு, அரக்குக் கரை வைத்து, கடை ஆர்டர் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே உன் கண்ணெதிரில்தான் நெய்தார். நீ பெண் அழைப்புக்குக் கட்டுவதற்கு. நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கின அன்றைக்கு என் கையில் கொடுத்து, நீயே குடு, நான் குடுத்தா அது அழுவும் என்றார்.

நான் கொடுக்கவில்லை. காஸ் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பளிச்சென்ற மஞ்சளுக்கு மேலே உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது காதில் கேட்டது. நான் தனியாக ஒரு காப்பிக்கொட்டை நிறப் புடவை வாங்கி உன்னிடம் கொடுத்து, உன் நிறத்துக்கு இதான் அடக்கமா இருக்கும்னு அப்பா எடுத்தாரு என்று சொன்னேன். அவரிடம் போய், பொண்ணுக்கு அந்த மஞ்சள் புடிக்கலையாம், வேணாங்குது என்று சொன்னேன். இரண்டும் பொய். அவர் அந்தப் புடவையைத் திரும்ப வாங்கி மடித்தார். சின்னப் பொண்ணுதானே, அதுக்குப் புடிச்சத கட்டட்டும், இத வித்துடாத லோகு, இருக்கட்டும், ஒரு நாளைக்கு அதுவே கேக்கும் என்றார். நீ அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாமல் போனதும் அதிலிருந்துதான், அவர் உன்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்ததும் அதிலிருந்துதான். நடுவில் நான் நின்றேன். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் அறுந்துபோகும், அதற்காக வருஷா வருஷம் ஆடியில் அந்தப் புடவையை வெளியே எடுத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வேறு மடிப்பு மடித்து வைப்பார். நாலு ஆடி அப்படிச் செய்தார், ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துக்கொண்டு இருந்தேன், சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வரும், சொல்லவில்லை. இந்த ஆடியில் அவரே போய்விட்டார். மடிப்பை நான்தான் மாற்றினேன்.

அவரிடம் இனிமேல் சொல்ல முடியாது. உன்னிடமாவது சொல்லாவிட்டால் நான் சாப்பிடுகிற சோறு இறங்காது. கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபித்துக்கொள், கடிதம் எழுதாமல் இருந்தாலும் இரு, அவர்மேல் மட்டும் இனி வேண்டாம். அவர் உன் நிறத்துக்குக் கூசினவர் இல்லை. இந்தத் தெருவில் உன் நிறம் இன்னதென்று கண்ணால் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

புடவையை அவருடைய பழைய வேட்டியில் வைத்துத் தைத்து, இந்தக் கடிதத்தை முன்னாலும் பார்சலைப் பின்னாலும் பழனியிடம் தபாலில் அனுப்பச் சொல்கிறேன். அவன் என்ன பார்சல் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லிவிடப் போகிறேன், மறைத்தது போதும். அவனுக்கு மாகறலில் பெரியநாயகி என்று ஒரு பெண் இருக்கிறதாம், தறி வேலை வீட்டு வேலை எல்லாம் கெட்டிக்காரி, வாய் நல்ல வாய், நிறந்தான் நம்ம தேவகி நிறம் என்று மணியம்மாள் இழுத்தாள். முன்னேயானால் வேண்டாம் என்றிருப்பேன். வருஷம் திரும்பட்டும், நானே போய்ப் பார்க்கிறேன், வெளக்கத் தூண்டச் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குங்குமப்பூ நான் வாங்கவில்லை. சம்பந்தியம்மா கேட்டால் அம்மா வாங்கவில்லை என்றே சொல், கிடைக்கவில்லை என்று பொய் சொல்லாதே. அவர்களாக வாங்கிக் கொடுத்தால் சண்டை போடாமல் குடித்துவிடு, அதனால் கெடுதல் இல்லை, நல்லதும் இல்லை, பால்தான் உடம்பில் ஒட்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், வெறும் தரையில் கால் வைக்காதே, மாப்பிள்ளைக்கு என் ஆசி சொல்.

பார்சல் வந்ததும் காலை வெயிலில் ஜன்னலோரம் போய்ப் பிரி, விளக்கு வெளிச்சத்தில் பிரிக்காதே. ஒரு மடிப்பை எடுத்து உன் வெறுங்கைமேல் போட்டுப் பார், அவர் பார்த்த மாதிரி. வளைகாப்புக்கு அதைக் கட்டிக்கொள். நான் வந்து முன்னால் நின்று வளையல் அடுக்கக் கூடாதவள், அவர் நெய்தது உன் உடம்பில் இருந்தால் போதும். ஒரு நாளைக்கு நீயே கேட்பாய் என்று அவர் வைத்திருந்தார், தெரியாததை நீ எப்படிக் கேட்பாய், நீ கேட்டதாகவே வைத்துக்கொண்டு அனுப்புகிறேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நீயும் அதுவும் நூறு வயசு இருக்க வேண்டும். அது என்ன நிறத்தில் பிறந்தாலும் மாவு தேய்க்காதே. யார் வீட்டு நிறம் என்று எவராவது கேட்டால், எங்க அம்மா நிறம், காஞ்சிபுரத்து ஆயா நிறம் என்று வாய்விட்டுச் சொல். மறக்காமல் ஆடிக்கு ஆடி புடவையின் மடிப்பை மாற்றி வை.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. லோகாம்பாள்