சளி பார்க்கிறவனின் அப்பாவுக்கு

என் பாசத்துக்குரிய அப்பா,

நீங்கள் போய் மூன்று அறுவடை முடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது. அசதிதான் அப்பா, வேறொன்றுமில்லை. காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தால், சாயங்காலம் எதிரே வருகிற பஸ்ஸின் பலகைகூடத் தெரிவதில்லை.

பி.யூ.சி. முடித்து மெடிக்கல் சீட் கிடைக்காதபோது நான் அழுது தேறிவிட்டேன். நீங்கள்தான் தேறவே இல்லை. லேப் டெக்னீசியன் படித்துவிட்டு தருமபுரிக்கு வேலைக்கு வந்தேன். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நல்லம்பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டீர்கள்: "எம் பையன் டாக்டரா வந்துட்டானுங்க."

"அப்பா, நான் சளி, ரத்தம் பாக்குறவன். மருந்து எழுத மாட்டேன்" என்று எத்தனை முறை சொன்னேன்! "ஆஸ்பத்திரில இருக்கறவன் எல்லாம் டாக்டருதான், போடா" என்று பேச்சை முடித்துவிடுவீர்கள். ஊருக்கு வந்தால் யாராவது கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

அப்புறம் உங்களுக்கு இருமல் வந்தது. மழைக்காலம் போயும் நிற்கவில்லை. அம்மா கெஞ்சியிருக்கிறாள். நீங்கள் சொன்ன பதிலைப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்: "டாக்டரப் பெத்தவன் இன்னொரு டாக்டரு வாசல்ல போயி நின்னா, ஊரு சிரிக்காதா?"

கோயில் திருவிழாவுக்கு வந்தபோது உங்கள் துண்டில் ரத்தம் பார்த்தேன். அதட்டித்தான் சளியை வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாய்க் காசக் கிருமிகள். முகம் தெரியாத எத்தனையோ பேரின் சளியில் பார்த்தவைதான். அன்றைக்கு மட்டும் வெளியே போய் நின்றுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மாறவில்லை.

மறுநாள் டாக்டரைப் பார்க்க உங்களோடு வரிசையில் நின்றேன். நம் தெரு மாரியக்கா முன்னால் நின்றிருந்தார். "என்னாங்க மாமா, மவனே டாக்டராச்சே, நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "அவன் டாக்டரு இல்லம்மா. சளி பாக்குறவன். எனக்குக் காசம்னு அவந்தான் கண்டுபுடிச்சான்."

ஊசியும் மாத்திரையும் தவறாமல் எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் நுரையீரல் அதற்குள் அரித்துப்போயிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் போய்விட்டீர்கள். ‘அவன் டாக்டரு இல்ல’ என்ற அந்த வார்த்தையை இருமல் தொடங்கியபோதே சொல்லியிருந்தால் இருந்திருப்பீர்களா? யாரிடம் கேட்பது?

இப்போது வீட்டில் மறுபடி அதே பேச்சு. தங்கை ஸ்டெல்லா பி.யூ.சி. முடித்துவிட்டாள். மெடிக்கலுக்கு மார்க் போதவில்லை. "இன்னொரு தடவ எழுதட்டும், டாக்டராத்தான் ஆவோணும்" என்கிறார் மாமா. அவளுக்கோ எக்ஸ்ரே படிப்பில்தான் ஆசை. "எலும்பு எங்க ஒடஞ்சிருக்குன்னு மொதல்ல பாக்கப்போறது நாந்தானே அண்ணா?" என்கிறாள். அம்மா உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மாமாவோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் திங்கட்கிழமை ஸ்டெல்லாவை மெட்ராஸில் எக்ஸ்ரே படிப்பில் சேர்க்க நானே ரயிலேறுகிறேன்.

அவள் செய்யப்போகும் வேலையின் பேரைக் கூட்டியும் குறைத்தும் சொல்ல நம் வீட்டில் யாரையும் விடமாட்டேன் அப்பா. அவளும் ஒருநாள் என்னைப் போலக் களைத்துத் திரும்புவாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு போட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்க நான் இருப்பேன்.

உங்கள் மூத்த மகன்,
அருள்