பள்ளத்தில் சிரிப்பவள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் நாள் முழுக்க மைக் முன்னால் நின்று "கதவு மூடுகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கம்பெனிக்காரருக்குத் திருப்தியே இல்லை. "சார், கொஞ்சம் அன்பா மூடுங்க" என்கிறார். ஒன்பது வருஷமாகத் தனியாகக் கிடப்பவனிடம் வந்து கேட்கிற காரியமா இது? மூடினேன்.

வீட்டுக்கு வந்து, நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு, 'நிழற்கத்தி' வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தைப் போட்டேன். மூன்றாம் கட்டத்தில் வழக்கம்போலப் பள்ளத்தில் குதித்தேன். நிஞ்சா அலறிச் செத்தான். அவள் சிரித்தாள். அத்தோடு இன்றைய சமூக வாழ்க்கை முடிந்தது.

பிப்ரவரி 6

நான் முன்பு ஒலி வேலை பார்த்த கேம் கம்பெனியிலிருந்து போன்! இரண்டாம் பாகத்தைப் புதுசாகச் செதுக்கி வெளியிடப்போகிறார்களாம். இப்போது ஒலிக்குப் பொறுப்பு ஒரு சின்னப் பெண். "அங்கிள், நிஞ்சா சாகுற சத்தம் உங்களோடதாமே! சின்ன வயசுல அதைக் கேட்டுட்டேதான் தூங்குவேன்." என்ன வளர்ப்போ.

பிறகு கேட்டாள்: "பள்ளத்துல விழறப்போ பின்னாடி ஒரு பொம்பளை சிரிக்கிறாங்களே, அது யாரு?"

"டேப் கோளாறும்மா."

வாய் தானாகச் சொன்னது. அத்தனை வருஷப் பழக்கம்.

"அப்போ எடுத்துடறேன். யார் குரல்னு தெரியாம வைக்கக்கூடாது அங்கிள், அவங்க சம்மதம் வேணும்."

எடுத்துவிடுவாளாம். சாதாரணமாகச் சொல்கிறாள், சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல.

பிப்ரவரி 7

யாருக்கு ஒளிக்கிறேன், இது என் டைரிதானே. சிரித்தது மேலிடம். அதாவது என் மனைவி — முன்னாள்.

முதல் பாகத்தில் நிஞ்சா செத்தால் "டிங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் காலத்து கேமில் ஒலிக்கு அதற்குமேல் இடம் கிடையாது. இரண்டாம் பாகத்துக்கு ஒரு நடிகரைப் பேசி வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரே பஸ் சத்தம். மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் குளியலறையில் நின்று நானே செத்தேன். ஒரு காலை வாளிக்குள் வைத்துக்கொண்டு, பலவிதமாகச் செத்தேன். கதவுக்கு வெளியே அவள்: "ஐயோ, பக்கத்து வீட்டுக்காரங்க போலீசைக் கூப்பிடப் போறாங்க!" சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், மூச்சு முட்ட. அந்தச் சிரிப்பின் வால் டேப்பில் ஏறிவிட்டது. வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை.

மூன்றாம் பாகத்தில் நல்ல ஸ்டுடியோ, நல்ல நடிகர், சுத்தமான சாவு. "பள்ளத்துப் பேய் எங்கே?" என்று அந்தச் சிரிப்பைக் காணாமல் ரசிகர்கள் கொதித்தார்கள். நாலாம் பாகத்தில் கதை இலாகா அவளுக்கு நானூறு வருஷச் சாபம் கொடுத்து மோகினியாக்கிவிட்டது. நாலு கை வைத்துப் பொம்மைகூட விற்றார்கள். மேலிடத்துக்கு இரண்டு கை இருந்தபோதே என்னால் சமாளிக்க முடிந்ததில்லை! ஐந்தில் நிஞ்சா பைக் ஓட்டினான், விளங்கவில்லை. ஆறில் தகப்பனாகி ஓயாமல் அழுதான். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் யாருமில்லை.

இது எதையும் அவளிடம் சொன்னதேயில்லை. ஏன்? முதலில் ஒரு குறும்பு. அப்புறம் கூச்சம். அதற்கப்புறம் சொல்ல ஆளில்லை.

பிப்ரவரி 8

பழைய விளையாட்டுப் பெட்டி இன்று தலையில் தட்டியும் ஓடவில்லை. விசிறிக்கு எதிரே பிடித்துச் சூட்டைத் தணித்த பிறகுதான் உயிர் வந்தது. இது போய்விட்டால்? புதுசிலும் அவள் இல்லாவிட்டால்?

பிப்ரவரி 11

மேலிடத்துக்குப் போன் செய்தேன். பதற்றத்தில் தொழில் குரல் வந்துவிட்டது. "வணக்கம்" என்றேன்.

"யாரு, லிஃப்டா?"

ஆடிப்போனேன். அவள் ஆபீஸ் லிஃப்டில் நான்தான் பேசுகிறேனாம். "தினமும் கேக்கறேன். அதுலதான் மரியாதையா பேசறீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். டேப், மோகினி, நாலு கை.

"இத்தனை வருஷமா நான் அங்க சிரிச்சிட்டிருக்கேனா?"

"ஆமா."

"ஊருக்கே கேட்டிருக்கு. என்கிட்ட மட்டும் சொல்லல."

"ஆமா."

"இதுதாங்க. இதுக்குத்தான் நான் போனேன்."

என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

"எங்க வந்து கேக்கணும்?" என்றாள்.

பிப்ரவரி 15

ஸ்டுடியோவுக்கு வந்தாள். முடி நரைத்திருக்கிறது, சாயம் பூசவில்லை, நன்றாக இருக்கிறது. நான் பூசியிருந்தேன், காதிலும் கொஞ்சம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். "வாளிக்குள்ள கால் வெச்சிருந்தீங்களே" என்று ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். சின்னப் பெண் துள்ளினாள்: "ஆன்ட்டி, அதே சிரிப்பு!" அதே இல்லை. கொஞ்சம் கரகரப்பு. எனக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

"வெச்சுக்கோங்க. ஆனா மோகினி கீகினின்னு இல்லாம என் சொந்தப் பேரைப் போடணும்" என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

வாசலில் நின்று கேட்டாள்: "அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "ஞாபகமில்ல."

"இத்தனை வருஷமா ஆடறீங்க!"

"அங்க வரைக்கும்தான் போவேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பஸ் வந்தது, போய்விட்டாள்.

பிப்ரவரி 16

எதுவும் எழுதத் தோன்றவில்லை. பெட்டியை ஆன் பண்ணவில்லை.

பிப்ரவரி 20

இன்று பள்ளத்தைத் தாண்டினேன். விழுந்தே பழகிய கைக்குத் தாண்டத் தெரியவில்லை, பலமுறை விழுந்தேன். அவளும் சளைக்காமல் சிரித்தாள். கடைசியில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான் நம் ஆள்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மரப்பாலம். அதன் நடுவில் ஒரு காவலாளி உட்கார்ந்தபடியே தூங்குகிறான். நெருங்கினாலும் விழிக்கவில்லை. குறட்டை மட்டும் கேட்கிறது — அடடா, அதுவும் என்னுடையதுதான். எப்போது பதிவு செய்தேன்? நான் செய்யவில்லையே. மைக்கை நான் தூங்கும்போது என் பக்கம் திருப்பிவைத்து, அந்த டேப்பை ஆபீசுக்கும் அனுப்பிவைக்க அந்த வீட்டில் இன்னொரு ஆள்தானே இருந்தாள்.

மேலிடத்துக்குப் போன் செய்து அந்தக் குறட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"இப்பத்தான் அங்க வந்தீங்களா?" என்றாள்.