சும்மா டிசைன்

அக்கா,

இன்று கடையில் செம்மண் நிறப் பெயின்ற் வாளியைத் திறந்தேன். அந்த மணம் வந்ததும் கை நின்றுவிட்டது. உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. இறந்தவரின் பெயரைக் கொஞ்சக் காலம் சொல்லாமல் இருப்பது நீங்கள் முன்பு இருந்த அவுஸ்திரேலியப் பாலைவனத்து மக்களின் வழக்கம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அங்கே பழங்குடிப் பெண்கள் கூடியிருந்து ஓவியம் கீறும் கூடமொன்றில் நீங்கள் சமைத்தீர்கள். அவர்களில் ஓர் அம்மா தந்த சிறிய ஓவியத்தை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தீர்கள். மில்லிக்கன் பிளாசாவில், நாங்கள் மேடை அலங்காரம் செய்யும் கடையில், வேலை மேசைக்கு மேலே அதை மாட்டினீர்கள். செம்மண் நிறத்தின்மேல் புள்ளி புள்ளியாக நிறைந்திருந்தது. நடுவில் வட்டத்துக்குள் வட்டம், சுற்றிவர நான்கு வளைவுகள்.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வந்த எனக்கு யாரோடும் வாய் திறக்கப் பயம். உங்களோடு முதலில் பேசியதே அதைப் பார்த்துத்தான்.

"என்னக்கா, நாலு பக்கமும் நாமம் போட்டிருக்கு?"

தேத்தண்ணி சிந்தச் சிரித்தீர்கள். "உவளைப் பார்! வாய் திறந்தா உதைத்தான் கேக்கிறாள். நாமம் இல்லையடி, நாலு பொம்பிளையள். மணலில இருந்திட்டு எழும்பினா அப்பிடித்தானே தடம் கிடக்கும்? நடுவில தண்ணி." சிரிப்பு அடங்கியபின் சொன்னீர்கள்: "ஆனா அவையளுக்கு நாமம் போட்ட ஆக்களும் இருக்கினம். உதைப் பார்த்துத் துணியில, கோப்பையில அடிச்சு விக்கிறாங்கள்."

அந்த நான்கு பெண்களும் ஓவியம் கீறிய அம்மாவின் மூதாதையர். ஆதியில் அவர்கள் நடந்த வழியில்தான் குன்றும் நீரும் உண்டாயினவாம். தகப்பன் வழியாக அவருக்கு வந்த கதை. "அவவின்ர சிநேகிதியும் அவவைக் கேக்காமக் கீற ஏலாது," என்றீர்கள். "மிச்சக் கதை எனக்கும் தெரியாது. அவ சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை."

நீங்கள் போனபின் ஓவியம் என்னிடம் வந்தது. அஜக்ஸில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு, மேடையின் பின்னால் தொங்கவிடும் சீலை கீறச் சொன்னார் கடைக்கார அன்ரி. நான் அந்த ஓவியத்தைப் பார்த்துப் புள்ளி வைத்தேன். உங்களை நினைத்துத்தான் கீறினேன் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. யாராவது என்னைப் பாராட்ட மாட்டார்களா என்றும் இருந்தது.

பாராட்டினார்கள். "ஆர் உதைக் கீறினது? உந்த வளைவுக்கு என்ன அர்த்தம்?" என்று சாமத்தியப்பட்ட பிள்ளையின் தாய் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சும்மா டிசைன், அன்ரி."

அவ்வளவுதான் சொன்னேன். வந்தவர்கள் எல்லோரும் அந்த நான்கு பெண்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நான் போட்ட நாமம் இப்போது எத்தனையோ வீட்டு அல்பங்களில் இருக்கிறது.

இன்று ஒஷாவாவிலிருந்து ஒருவர் வந்து, போனில் அந்தப் படத்தைக் காட்டி, அதே சீலை கேட்டார். அன்ரி பெயின்ற் வாளியை என் பக்கம் தள்ளினார். திறந்தேன், மூடினேன்.

"உதை இனிக் கீறமாட்டன், அன்ரி. அது வேற ஆக்களின்ர கதை."

"அட, உவவுக்கு வாய் இருக்கெண்டே எனக்குத் தெரியாது! அப்ப என்னத்தைக் கீறப்போறாய்?"

"மயில்."

"மயில் எல்லாரும்தான் வைக்கினம்," என்றார் வந்தவர். "பக்கத்துக் கடையில கேட்டுப் பாப்பம்."

படம் அவருடைய போனில் இருக்கிறது. யாரோ கீறிக் கொடுப்பார்கள். நான் கேட்காமல் எடுத்த கதை அதென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அக்கா.

அவர் போனபின்னும் அன்ரியின் கோபம் ஆறவில்லை. வேலை மேசையடியில் கிடந்த, நீங்கள் இருந்து வேலை செய்த பஞ்சு மெத்தையைக் காலால் தட்டினார். "உந்தப் பள்ளம் விழுந்ததையும் கொண்டுபோய் எறி."

"அது பள்ளம் இல்லை, அன்ரி," என்றேன்.

உங்கள் தடத்தின் வளைவில் படாமல், பக்கத்தில் இருந்துகொண்டேன்.