வலது கைக் குச்சி

என் பிரியமான அண்ணா,

உங்கள் ரிமோட் ஹெலிகொப்ரர் இன்னும் பறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கிருந்தே ஏசத் தொடங்கிவிடுவீர்கள்.

முந்தியதுகளை எல்லாம் விழுத்தி உடைத்துவிட்டு, இதைக் கடைசித் திருகாணி வரை பூட்டி வைத்தீர்கள். அதைப் பறக்கவிட மட்டும் நீங்கள் உயிரோடு இருக்கவில்லை. ஆண்டுத் திவசம் முடிந்ததும், அது மேலெழும்புவதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மச்சாள் கேட்டார். உங்கள் மனைவி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எப்படி மறுப்பேன்?

வேகத்தைக் கூட்டும் குச்சியை நீங்கள் ரிமோட்டின் வலப்பக்கம் வைத்திருந்தீர்கள். நான் கணினியில் பறக்கவிட்டுப் பழகியது இடது கையால். அதனால் ரிமோட்டின் அமைப்பில் அதை இடப்பக்கம் மாற்றினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு.

அனுமதி எடுத்துக்கொண்டு காலையில் சல்லிக் கடற்கரைக்குப் போனோம். விமானத்தளம் இருக்கிற சீனன்குடாப் பக்கம் நினைத்தும் பார்க்க ஏலாது, தெரியும்தானே. இடது குச்சியை அடியில் அழுத்திப் பிடித்தபடி ரிமோட்டின் சுவிட்சைப் போட்டேன். மச்சாள் மணலில் குனிந்து ஹெலிகொப்ரரின் பற்றரியைக் கொழுவினார். காற்றில் பறந்த சால்வையை இழுக்க ஒரு கணம் விரலை எடுத்தேன். குச்சி தானாக நடுவுக்கு ஏறியது. அவர் முகத்துக்கு முன்னால் இறகுகள் இரண்டும் மேலெழும்பத் தயாராவதுபோல் ஒன்றாகச் சரிந்தன.

மோட்டர் சுற்றவில்லை. முதலில் மோட்டரைச் சுற்றாமல் பூட்டு, பிறகு பற்றரி என்று நீங்கள் ஓயாமல் நச்சரித்ததில், பூட்டும் சுவிட்சை என் கை தன்பாட்டில் போட்டிருந்தது. இல்லாவிட்டால்? இறகுகள் மச்சாளின் முகத்தில் பட்டிருக்கும், அண்ணா. அமைப்பை மாற்றிய நான், குச்சியை நடுவுக்கு இழுக்கும் சுருள்கம்பியை இடப்பக்கமே விட்டிருந்தேன்.

பற்றரியைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்குப் போய்க் கம்பியையும் மாற்றினால் பின்னேரம் பறக்கவிடலாம் என்றேன். மச்சாள் ரிமோட்டை வாங்கிக் கனநேரம் பார்த்தார். வலது குச்சியின் முனை உங்கள் பெருவிரல் பட்டுத் தேய்ந்திருந்தது.

"இண்டைக்குப் பறக்காட்டிலும் பரவாயில்லை. அவரின்ர கையை மாத்தாதையுங்கோ."

அந்த மணலிலேயே இருந்து எல்லாவற்றையும் உங்கள்படிக்குத் திருப்பினேன். இப்போது என் வலது பெருவிரல் படாத பாடு படுகிறது. கணினித் திரையில் விழுத்திக்கொண்டே இருக்கிறேன். மச்சாள் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்துச் சிரிக்கிறார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

விழாமல் இறக்கப் பழகியதும் திரும்பவும் சல்லிக்குப் போவோம். அன்றைக்குப் பற்றரியை நான்தான் கொழுவுவேன். மச்சாள் எனக்குப் பின்னால் நிற்பார். இது சத்தியம்.

உங்கள் கைக்குப் பழகிக்கொண்டிருக்கும்
தங்கச்சி