நடந்தது நடந்தபடி

திண்டுக்கல்
5.6.2024

அன்பு மாப்பிள்ளை அழகருக்கு,

நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

மில் பழையபடிதான் நடக்கிறது, ஆளாளுக்கு நாட்டாமை. பெரிய முதலாளி நிறுத்தச் சொன்ன மெஷினை அவர் தம்பி ஓட்டச் சொல்வார். இருவருமே எதையும் எழுதித் தரமாட்டார்கள். கையெழுத்தெல்லாம் மேனேஜரான என் தலையில்.

பேரிங் போய்விட்டது, ஓட்டினால் தீப்பிடிக்கும் என்று அன்றைக்கு நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டாய். சின்னவர் கேட்கவில்லை. பஞ்சு பாதி எரிந்தது. அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட வேண்டுமே! தப்பு வெளியாள்மேல் விழுந்தால்தான் அது நடக்கும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. 'ஃபிட்டர் அழகர் யார் பேச்சும் கேட்காமல் ஓட்டினார்' என்று எழுதி, உன்னை நீக்கிக் கையெழுத்துப் போட்டவன் நான். உன்னை அங்கே கூட்டிவந்தவனும் நான்தான்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
அருள்நாதன்

எரியோடு
14.6.2024

அருளுக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு மில்லில் வேலை தருவதாக இருந்தார்கள். உங்கள் ஆபீஸில் விசாரித்துவிட்டு, "ஏனுங்க, பஞ்ச எரிச்ச ஆளு நீங்கதானுங்களா?" என்று கேட்டார்கள். பத்துப் பேர் பார்க்கத் தலைகுனிந்து நின்றேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி மேனேஜர் தந்தால் எடுத்துக்கொள்கிறார்களாம். முப்பதாம் தேதிவரைதான் பொறுப்பார்கள். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அழகர்

திண்டுக்கல்
22.6.2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். சின்னவர் சொல்லித்தான் மெஷின் ஓடியது, நீ தடுத்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். டைப் அடிக்கும்போது அவர் உள்ளே வந்தார். பரீட்சையில் பிட் அடிக்கிறவனைப் போலத் திரையை அணைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இந்தப் பிழைப்பு.

மகள் நான்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். என்னைத் திட்டாதே.

உன்,
அருள்நாதன்

எரியோடு
4.7.2024

அருளுக்கு,

நீ அனுப்பியது கிடைத்தது. எனக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்திருக்காது. ஆனால் கீழே உன் கையெழுத்து இல்லை.

அவசரத்தில் மறந்திருப்பாய், வேறொன்று அனுப்புவாய் என்று முப்பதாம் தேதிவரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மில்லில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது ஆத்தூரில் தோட்டத்து மோட்டார் பழுது பார்க்கப் போகிறேன்.

உன் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். யார் கையிலாவது சிக்கினால் உனக்குத்தான் ஆபத்து. பயப்படாதே.

"அருள் மாமா ஏம்ப்பா வாரதே இல்ல?" என்று பாப்பா கேட்டாள். மில்லில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எங்கேயாவது அவளைப் பார்த்தால் நீயும் அதையே சொல்.

அழகர்