அப்பாவுக்குச் சவர மெஷின் வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், என் முழங்கால் வலியும் என்னோடு சுகம், உன் அப்பா தாடையில் ஒரு பிளாஸ்டரோடு சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் தவறாமல் போய்க்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கண்ணால் பார்க்காததை நம்புவது எனக்கு நல்ல பழக்கம். அப்பா பிறந்த நாளுக்கு மின்சாரச் சவர மெஷின் வாங்கி வைத்திருப்பதாகப் போன வாரம் போனில் சொன்னாயே, அதை அனுப்பாதே. ஏன் என்று அப்போதே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா துண்டு மடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கடிதம். இதில் இருப்பதெல்லாம் நிஜம். அவர் உன்னிடம் வேறு மாதிரிச் சொன்னால் ம்ம் கொட்டிக் கேட்டுக்கொள், நம்பாதே.

ஊரார் தலையில் கை வைத்துப் பிழைக்கிற மனுஷன் என்று உன் அப்பாவை நான் கேலி செய்வது உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக நம் வீட்டுக்குக் கீழே சலூன் வைத்திருக்கிறவரை வேறு எப்படிச் சொல்வது. நாலு மாதத்துக்கு முன்னால் கணக்கு வாத்தியார் முடி வெட்டிக்கொள்ள வந்தார், எந்நேரமும் நெற்றியைப் பிடித்துக்கொண்டே நடப்பாரே, அவர். அன்றைக்குத் தலைவலி தாங்காமல் நாற்காலியிலேயே முனகியிருக்கிறார். அப்பா பாவப்பட்டு அவர் தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டே மெல்ல ஒரு ஜெபம் சொன்னார். அந்த ஜெபத்தில் நான் குறை சொல்ல மாட்டேன், அது வாத்தியாருக்காக மட்டுமே செய்த ஜெபம். ஒரு வாரத்தில் தலைவலி போய்விட்டது. வாத்தியார் சபையில் எழுந்து நின்று சலூன்காரர் கையில் வல்லமை இருக்கிறது என்று சாட்சி சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லும்போது அவர் மூக்கில் புத்தம் புதுசாக ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது. அதை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடை வாசலில் வரிசை. முதுகுவலிக்காரர், வேலை கிடைக்காதவர், வாடகைக்கு வீடு தேடுகிறவர் எல்லோருக்கும் முடி வெட்டல், கூடவே ஒரு ஜெபம். கிருதாவை ஏற்றவா இறக்கவா என்று கேட்பதைக்கூடப் பிரசங்கக் குரலில் கேட்க ஆரம்பித்தார். ஜெபத்துடன் முடி வெட்டப்படும் என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார், சிவப்பு எழுத்தில். நான் மட்டும் யோக்கியமா என்று கேட்காதே. ஆராதனையில் மின்விசிறிக்கு நேர் கீழே முதல் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள், நானும் போய்ச் சட்டமாக உட்கார்ந்தேன். உன் போட்டோவில் கை வைத்து உனக்கு இந்தப் பக்கம் வேலை மாற்றல் கிடைக்கச் சொல்லி ஜெபிக்க வைத்தேன். மேல் வீட்டுக்காரியின் துணிக்கொடி அறுந்து விழட்டும் என்றுகூட ஒரு நாள் கேட்டேன், அதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு நாள் பாஸ்டர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். ஒரு பக்கம் வெட்டி மறு பக்கம் வெட்டாமல், கழுத்தில் துணியும் கட்டியிருக்கிற நேரமாகப் பார்த்து, எழுந்து ஓட முடியாது என்று தெரிந்துதான் அப்பா பேச்சை எடுத்தார். தனக்குக் குணமாக்கும் வரம் இருப்பதாகச் சபையின் பேரில் ஒரு தாள் எழுதித் தர வேண்டுமாம், கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டவாம். பாஸ்டர் கண்ணாடியில் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "நீங்க ஆண்டவர் கையைக் கேக்கல. உங்க கைக்கு ஒரு மோதிரம் கேக்கறீங்க" என்றார். அப்பா மிச்சத் தலையை மளமளவென்று வெட்டி முடித்தார். அந்த மறு பக்கம் அடுத்த மாதம் வரைக்கும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

இனிமேல்தான் விஷயம். எதிர்க்கடை மாமாவை நினைவிருக்கிறதா, சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் அவர் சலூனில் போய் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து அடி வாங்கினாயே, அவர். இந்த வருஷத் தொடக்கத்திலிருந்தே அவருக்கு வலது கை நடுங்குகிறது. யாருக்கும் தெரியாமல் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார். யாருடைய காதிலோ கத்தரி பட்டு ரத்தம் வந்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. அவர் கையிலிருந்த வல்லமையை ஆண்டவர் எடுத்து நம் கடைக்குக் கொடுத்துவிட்டார் என்று நம் கடை பெஞ்சில் உட்கார்ந்தே பேசினார்கள். நான் துவைத்த துண்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளேதான் இருந்தேன். உன் அப்பா அதை மறுக்கவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுப் பிரஷ்ஷில் நுரை குழைத்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. எதிர்க்கடையில் அந்த மனுஷனுக்கு இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு நாற்காலியும் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

இரண்டு நாளில் எதிர்க்கடை மாமாவே வந்து நின்றார். கடை நிறைய ஆள். பையிலிருந்து கையை எடுத்து எல்லோர் முன்னாலும் நீட்டி, அண்ணே இதுக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்க என்று கேட்டார். உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. இதற்கு உபவாசம் இருந்துதான் ஜெபிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். உபவாசம் இருந்த லட்சணத்தைக் கேள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்களுக்கு எது பயம்? அவர் கை குணமாகாதுன்னா, குணமாயிடும்னா?"

மெல்லுவதை நிறுத்திவிட்டார். ரொட்டியைத் தட்டில் வைத்தார், வாயைத் துடைத்தார், கீழே போய்க் கடையைப் பாதியில் மூடிவிட்டுத் தெருவைத் தாண்டி நடந்தார். நானும் இரண்டு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், சாக்கு வேண்டுமே. நம் கடை வரிசையும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அப்பா முதலில் அவர்கள் பக்கம் திரும்பி, வாத்தியார் தலைவலி புதுக் கண்ணாடியால் போனது, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். அப்புறம் எதிர்க்கடை மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். பிரசங்கக் குரல் இல்லை. இவன் கையை இவனுக்குக் கொடுங்க ஆண்டவரே, இவன் பிழைப்பு போனதில் சந்தோஷப்பட்ட என்னை மன்னிச்சுடுங்க, அவ்வளவுதான். ஆமென் சொல்லிக் கையை விட்டார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் ஒருத்தர் சிரித்தார். நம் வரிசை அப்படியே கலைந்து போனது.

உன் அப்பா போகவில்லை. அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தானே துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிக் காட்டி, சவரம் பண்ணு என்றார். அவர் மாட்டேன் என்று அழுதார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "என் கழுத்து. நான் தர்றேன். நீ பண்ணு" என்றார். நான் துண்டை மடித்து மடித்துப் பிரித்தேன், கண்மணி. நாற்பது நிமிஷம் ஆயிற்று. மூன்று வெட்டு. நான் கொண்டுபோன துண்டு அதற்குத்தான் உதவியது. படிகாரக் கல்லைத் தேய்த்தபோது உன் அப்பா போட்ட கூச்சலில் பரிசுத்தம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். நரம்புக் கோளாறாம், மாத்திரையில் அடங்கும், நாளாகும் என்றார்கள். அதுவரை மத்தியானத்துக்கு மேல் அவர் கடையில் அப்பா நின்று வெட்டிக் கொடுக்கிறார், வருகிறவர்கள் அவருடைய ஆட்கள்தான். நம் கடையில் இப்போது கூட்டம் பழையபடி. பலகையைத் திருப்பிப் போட்டு அதன் மேல்தான் சோப்புத் தண்ணீர் வாளி வைத்திருக்கிறேன். மின்விசிறி இடமும் போயிற்று, பின் வரிசையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். உன் மாற்றலுக்கு இப்போது நானே ஜெபிக்கிறேன், முடிவில் உமது சித்தம் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சித்தம் என்ன என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது, அதை அவரிடம் மறைக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் உன் அப்பா சவரத்துக்கு அங்கேதான் போகிறார். முதல் வாரம் மூன்று வெட்டு, அடுத்த வாரம் நாலு, அப்புறம் இரண்டு, நேற்று ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சத்தில் நின்று முகத்தைக் காட்டுகிறார், நான் எண்ணுகிறேன். நேற்று எண்ணிவிட்டு, சரிதானா என்று இன்னொரு தரமும் எண்ணினேன். அதனால்தான் சொல்கிறேன், அந்த மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல பிளாஸ்டராக ஒரு பெட்டி வாங்கி அனுப்பு. சின்னப் பெட்டியே போதும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காத்துக்கொள்ளட்டும். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு.

உனக்காக ஜெபிக்கும், உன்மேல் கொஞ்சம் சுயநலமும் உள்ள,
அம்மா